ஜோம் மச்சான்

ஜோம் மச்சான் எனப்படுபவர் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள மாமாக் உணவுக் கடைகளில், இரவு 11 மணிக்கு மேல், ஐஸ் கரைந்துபோன மைலோ கிளாஸுக்குப் பின்னால் காணப்படும் ஆண். வயது 19-இல் தொடங்கி 34 வரை போகும். பிரிக்பீல்ட்ஸில் உண்டு, செந்தூலில் உண்டு, பூச்சோங்கிலும் காப்பாரிலும் உண்டு. கிள்ளானில் கொஞ்சம் அதிகம். பகலில் இவரைக் கண்டுபிடிப்பது சிரமம். கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டோ, அழைப்பு மையத்தில் அடுத்தவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டோ, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்குமாடிக் காவலரிடம் கெஞ்சிக்கொண்டோ இருப்பார். இவரைக் காட்டிக்கொடுப்பது, 'வா போகலாம்' என்று பொருள்படும் 'ஜோம்' எனும் மலாய்ச் சொல்லில் தொடங்கி, இரவில் வெளிப்படும் ஒரே ஒரு வாக்கியம்: "ஜோம் மச்சான், கேமரன்ல போயி பசியாறிட்டு வந்துருவோம்."

கேமரன் மலையின் தானா ராத்தா, கிள்ளானிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். இந்த வாக்கியம் சொல்லப்படும் நேரத்தில், சொல்பவரின் முன்னால் பாதி தின்ற ரொட்டி சானாய் இருக்கும்.

திட்டமிட்ட பயணத்தின்மேல் இவருக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. முயன்று பார்த்தவர்தான். இவருடைய கைப்பேசியில் 'கேமரன் டிரிப் 2019' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்த வாரம் என்று கேட்டார்கள், வாக்கெடுப்பு நடந்தது, ஒருவனுக்கு மாமன் மகள் நிச்சயதார்த்தம், இன்னொருவனுக்கு மோட்டார் சர்வீஸ், மூன்றாமவன் "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று போனவன் போனவன்தான். தீபாவளி கழித்து என்றார்கள், பிறகு தைப்பூசம் கழித்து என்றார்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லாரும் ஒரே குரலில், "பாத்தியா, நல்லவேள நாம போவல" என்றார்கள். அந்தக் குழுவில் இப்போது பிறந்தநாள் வாழ்த்தும், காலை வணக்கத்துடன் ரோஜாப்பூ படமும் வருகின்றன.

தோல்விக்குக் காரணம் எளியது. திட்டம் போட்டால் வீட்டுக்குத் தெரியும். தெரிந்தால் வீட்டுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். யோசித்தால் அம்மாவுக்குச் சனிப்பெயர்ச்சி ஞாபகம் வரும், மனைவிக்குத் தன் அண்ணன் வீட்டுக் குடிபுகுதல் ஞாபகம் வரும், முதலாளிக்குச் சரக்குக் கணக்கெடுப்பு ஞாபகம் வரும். அம்மா, மனைவி, முதலாளி மூவரும் ஒருசேரத் தூங்கும் நேரம் ஒரு நாளில் இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில்தான் அமைகிறது. ஜோம் மச்சானின் வாக்கியம் அந்த நேரத்தில் பிறப்பது அவருடைய கவிமனத்தால் அன்று.

பிறக்கும் முறையும் பெரும்பாலும் மாறுவதில்லை. சனிக்கிழமை இரவு. கடையின் பெரிய திரையில் இங்கிலாந்துப் பந்தாட்டம் முடிந்திருக்கும். ஆதரித்த அணி தோற்றிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். வாக்கியம் சொல்லப்பட்டதும் மேசையில் சிறிது அமைதி. பிறகு ஒருவர், "டேய், சும்மா இருடா" என்பார். இன்னொருவர், "போனா எத்தன மணிக்கு திரும்புவோம்?" என்பார். இப்படிக் கேட்டவர் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள். மூன்றாமவர் தம் ஜப்பான் சிலிப்பரைக் குனிந்து பார்ப்பார். நான்காமவர் கைப்பேசியில் வானிலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, மனைவி கடைசியாக வாட்ஸ்அப்பில் இருந்த நேரத்தைப் பார்ப்பார். கால் மணி நேரத்தில் எல்லாரும் எழுந்திருப்பார்கள். பின்னாளில் விசாரித்தால், அன்று போகவேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை என்பது தெரியவரும்.

செலவும் தடுப்பதில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் கிடையாது. 2021 முதல் சில ஆண்டுகள் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2.05 ரிங்கிட்டிலேயே நின்றது. அந்த விலையில், காப்சாய் எனப்படும் ஒரு சிறு மோட்டாரின் டேங்கை நிரப்ப 10 ரிங்கிட்கூட ஆகாது. அதிலேயே தாப்பா தாண்டிவிடலாம். ஒரு சினிமா டிக்கெட்டைவிட மலிவாக ஒரு மாநில எல்லை கிடைக்கிற நாட்டில், திட்டமிடுவதற்கு என்ன அவசியம் என்று இவர் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. ஜோம் மச்சானிடம் பல நேரங்களில் மோட்டார் இருக்காது. சாலை வரி முடிந்திருக்கும், அல்லது எஞ்சின் பிரிக்கப்பட்டு ஏதோ ஒரு கடையில் சட்டியில் கிடக்கும். "நான் உன் பின்னால ஒக்காந்துக்கிறேன் மச்சான்" என்பார். பின் இருக்கையில் அமர்ந்து, ஓட்டுபவரின் தோளைத் தட்டி, "லெப்ட்டு, லெப்ட்டு" என்று 200 கிலோமீட்டரும் தலைமை தாங்குவார்.

உண்மையில் பயணத்தை நடத்துவது வேறொருவர். குழுவில் நாற்பதை நெருங்கிய ஒருவர் இருப்பார். எல்லாருக்கும் அவர் 'அண்ணே'. அவருடையது ஹோண்டா இஎக்ஸ்5, முன்னால் ராகா எனப்படும் கம்பிக் கூடை. அந்த ராகாவில் மழைச்சட்டை, ஸ்பேனர், மாற்று பிளக், டார்ச், இரண்டு முழக் கயிறு, கோடாலித் தைலம் ஆகியவை ஆண்டு முழுவதும் கிடக்கும். அவர் எதற்கும் 'ஜோம்' சொன்னதில்லை, எதையும் மறுத்ததும் இல்லை. "சரி, மொதல்ல எண்ண போடுங்க" என்பார், அத்துடன் சரி. திடீர்ப் பயணம் என்று ஊரார் சொல்வது, இந்த ஒரு மனிதர் எப்போதும் ஆயத்தமாக இருப்பதன் மறுபெயர் என்றுகூடச் சொல்லலாம். அண்ணன் வராத பயணங்கள் பெரும்பாலும் ரவாங்கில் முடிந்திருக்கின்றன.

உடை விஷயத்தில் இக்கூட்டத்தார் வெப்ப மண்டலத்தை நம்பி வாழ்பவர்கள். பந்தாட்டச் சட்டை, முக்கால் காற்சட்டை, சிலிப்பர். கோலாலம்பூரில் நள்ளிரவு வெப்பம் 25 டிகிரி அளவில் இருக்க, தானா ராத்தாவில் விடியற்காலை 16-க்கு இறங்கும். இதற்கு எதிராக இவர்களிடம் உள்ள ஒரே ஆயுதம் மெல்லிய ஜாக்கெட். அதை மலேசிய மோட்டார்காரர்களின் வழக்கப்படி பின்பக்கம் முன்னாக மாட்டுவார்கள். முதுகு மார்பை மூடிக் காற்றைத் தடுக்கும். ஜிப் முதுகில் போய்விடும். தானே பூட்ட முடியாது என்பதால் ஒருவர் திரும்பி நிற்க அடுத்தவர் பூட்ட, அவர் திரும்ப அதற்கடுத்தவர் பூட்ட, எண்ணெய் நிலையத்தில் பள்ளிக்கூட விழாவின் நாடகத்துக்கு ஒப்பனை நடப்பது போல ஒரு காட்சி. கடைசி ஆளுக்குப் பூட்ட ஆள் இருக்காது. பம்ப் பையனைத்தான் கூப்பிடவேண்டும். சட்டைக்குள் செய்தித்தாள் திணிப்பது இதைவிடப் பழைய வழக்கம். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 பிப்ரவரியில் நின்றுபோனதை மூத்த ஓட்டிகள் இருவகை இழப்பாகக் கருதுகிறார்கள்.

தலைக்கவசம் 1973 முதல் சட்டப்படி கட்டாயம். எனவே அது இருக்கும். அதன் கீறல் விழுந்த முகக்கண்ணாடி வழியாக எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் நான்காகத் தெரியும்.

வண்டிகளின் சேர்க்கையில் ஒழுங்கு எதிர்பார்க்கக் கூடாது. அண்ணனின் இஎக்ஸ்5 மணிக்கு 80-இல் மனநிறைவோடு போகும். யமஹா ஒய்15 வைத்திருப்பவர் 110-இல் போய், முன்னால் எங்கோ நின்று, திரும்பத் திரும்பக் காத்திருப்பார். யாரோ ஒருவர் அப்பாவின் மோடெனாஸ் கிரிஸ் கொண்டுவந்திருப்பார். 1996-இல் வந்த தேசிய மோட்டார் என்பதால் அதைப் பழிப்பது தேசப்பற்றுக்கு முரண் என்று வாதிடுவார். ஆர்எக்ஸ்ஸெட் வைத்திருப்பவர் தனி இனம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், 135 சிசி. புகையும் சத்தமும் முன்னே போக வண்டி பின்னே வரும். பாதி வழியில் டூட்டி (2T) எண்ணெய் தீரும், அதை நள்ளிரவில் எங்கே வாங்குவது என்ற ஆராய்ச்சியில் அரை மணி நேரம் போகும். அந்த வண்டியை விற்றுவிடச் சொன்னால் மட்டும் நட்பு முறியும்.

கிள்ளான்காரர் எப்போதும் தாமதம். அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, சுங்கை பூலோவில் சாலைக்கு மேலே பாலம்போல் கட்டிய உணவகத்தின் அடியில் வந்து சேரச் சொல்வார்கள். "அஞ்சு நிமிசம்" என்பார். அது அவர் குளிக்கப் போகும் நேரம். காத்திருப்பவர்களிடம் போலீஸ் ரோந்து வண்டி வந்து நிற்பதும் உண்டு. தாங்கள் சாலையில் பந்தயம் ஓட்டும் மாட் ரெம்பிட் கூட்டத்தார் அல்லர், குடும்பப் பிள்ளைகள், பசியாறப் போகிறோம் என்று விளக்குவார்கள். அதிகாலை 3 மணிக்குப் பசியாற என்று சொல்லும் ஆறு பேரை நம்பும் போலீஸ்காரர் இன்னும் பணியில் சேரவில்லை. வந்தவர் அடையாள அட்டை, லைசென்ஸ், சாலை வரி எல்லாம் பார்த்து, மோட்டார் இல்லாத ஜோம் மச்சானை மட்டும் குற்றமற்றவராக விடுவிப்பார்.

நெடுஞ்சாலையில் சொல்ல அதிகமில்லை. ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் என்று பெயர்ப் பலகைகள் பச்சையாகக் கடக்கும். உலு பெர்னாம் ஓய்விடத்தில் இறங்கி நிற்பார்கள்; ஏன் வந்தோம் என்ற கேள்வி ஒவ்வொருவர் முகத்திலும் இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். முதலில் கேட்பவர்தான் திரும்பச் சொன்னவர் என்று பத்து ஆண்டுகளுக்குப் பேசப்படும். ஆகவே எல்லாரும் தே ஓ குடித்துவிட்டு வடக்கு நோக்கிப் போகிறார்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போவது முறையன்று. தூக்கக் கலக்கத்தோடு கனரக லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவதில் நகைச்சுவை ஏதும் இல்லை. அண்ணன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுவது அதனால்தான்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பெரிய விவாதம் நடக்கும். இந்த வழியே ஏறுவதா, இன்னும் வடக்கே போய் ஈப்போவுக்கு முன்னால் சிம்பாங் பூலாய் வழியே ஏறுவதா? தாப்பா வழி பழையது, குறுகலானது, ஒடிந்து ஒடிந்து போவது. சிம்பாங் பூலாய் வழி பின்னால் வந்தது, அகலமானது. தாப்பாவில் நின்றுகொண்டு சிம்பாங் பூலாயை ஆதரிப்பவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். தன் கட்சி தோற்ற பிறகு ரிங்லெட் வரை ஒவ்வொரு வளைவிலும், "நான் சொன்னேன்ல" என்று கைகாட்டுவார்.

மலைச்சாலையில்தான் இவர்களுடைய உண்மையான தரம் தெரியவரும். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். முதல் பகுதி பேராக், மேலே போனால் பகாங். லாத்தா இஸ்கண்டார் அருவியின் சத்தம் இருட்டில் கேட்கும். ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் விற்கும் கடைகள் மூடிக்கிடக்கும். மேலிருந்து காய்கறி லாரிகள் இறங்கும்; வளைவுக்கு அப்பால் முதலில் வெளிச்சம், பிறகு ஹாரன், அதன்பின் முட்டைக்கோஸ் வாசனை. லாரி ஓட்டுபவர்களுக்கு இந்தச் சாலை மனப்பாடமான வாய்ப்பாடு. அதில் நமக்கென்று அவர்கள் விடும் இடம் ஒரு முழம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு என்ற கணக்கில் எஞ்சின் வலு குறையும். 1,400 மீட்டர் உயரத்துக்கு இருவரைச் சுமந்து ஏறும் 100 சிசி காப்சாய் இரண்டாம் கியருக்கு வந்து, அங்கேயே குடியிருக்கும். பின்னால் இருப்பவர் முன்னே சாய்ந்தால் வண்டிக்கு உதவி என்று ஜோம் மச்சான் உறுதியாக நம்புகிறார். முன்னே சாய்ந்து ஓட்டுபவரின் முதுகில் தூங்கிவிடுவார்.

பேய்க்கதை இந்த உயரத்தில் தொடங்கும். மலேசியாவில் சாலைப் பேய் என்றால் காராக் நெடுஞ்சாலையின் ஓட்டுநர் இல்லாத மஞ்சள் வோக்ஸ்வாகன்தான். காராக் இங்கிருந்து வெகு தொலைவு என்பது பெரிய தடையல்ல. தேவையானபோது அந்தக் காரைத் தாப்பாவுக்கு ஓட்டிவருவார்கள். இதற்கு மாறாக, நடந்த கதை ஒன்று கைவசம் இருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று தானா ராத்தாவுக்கு அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனார். பெரிய தேடுதல் நடந்தும் இன்றுவரை தடயம் இல்லை. குழுவில் பின்தங்கியவருக்கு இந்தக் கதை சொன்ன நொடியிலிருந்து அன்று மாலைவரை 'ஜிம்' என்று பெயர். பெரும்பாலும் அது கிரிஸ் ஓட்டி வந்தவர். பனிமூட்டத்தில் ரிங்லெட் சந்தியில் அவருக்காக நிற்பார்கள். பற்கள் அடிக்கும் சத்தத்தை எஞ்சின் கோளாறு என்று நினைத்து அண்ணன் டார்ச் எடுத்ததும் உண்டு.

ஏழு மணி வாக்கில் தானா ராத்தா வந்து சேரும். கடை திறந்திருந்தால் ரொட்டி சானாய். நேற்றிரவு மாமாக் கடையில் கிடைத்த அதே ரொட்டி சானாய், விலை சற்றுக் கூடுதல். எல்லாரும் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார்கள். "சாம்பார் வேற லெவல் மச்சான்" என்று ஒருவர் சொல்ல, யாரும் மறுக்கமாட்டார்கள். குளிரில் நடுங்கிய உடம்புக்குச் சூடான எந்தத் திரவமும் வேற லெவல்தான்.

அடுத்து தேயிலைத் தோட்டம். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இந்தப் பீடபூமியைக் கண்டெழுதினார். போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கியது. ஏற்றமும் இறக்கமுமான இந்தச் சரிவுகளைத் திருத்திக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பங்கினர் தமிழர்கள். இன்று கூடையோடு நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். குழுவில் யாராவது ஒருவருடைய பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவராக இருப்பார். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று அவருக்குத் தெரியாது. "அம்மாகிட்ட கேக்கணும்" என்பார். கேட்டால் கேமரன் போனது தெரிந்துவிடும் என்பதால் கேட்கமாட்டார்.

படம் எடுக்கும் சடங்கில் ஜோம் மச்சான் ஒய்15-இன்மேல் ஏறி உட்கார்வார், சாவியும் கையில் இருக்கும். சே குவேரா படம் போட்ட சட்டை அணிந்திருந்தால் இன்னும் விசேஷம். 1952-இல் சே குவேராவும் நண்பரும் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிய நார்ட்டன் 500 மோட்டார் சிலியிலேயே உயிரை விட்டது, மிச்ச வழியைக் கால்நடையாகவும் லாரி ஏறியும்தான் கடந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் பெருமைப்படுவார்.

பிரிஞ்சாங் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கோயில் வாசல் பக்கமாக அரை மணி நேரம் கண்ணயர்வார்கள். மலையில் இவர்கள் இருப்பது மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள். அதில் காட்சி பார்த்தது எவ்வளவு என்பது கணக்கில் வராது.

இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்து. டிரம் பிரேக் சூடேறிக் கருகல் வாசனை வரும். கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்கவேண்டும் என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வார். கீழே இறங்குமுன் குற்ற உணர்ச்சிக்குச் சாமான் வாங்குவார்கள்: அம்மாவுக்கு முட்டைக்கோஸ், ஸ்ப்ரிங் ஆனியன், சர்க்கரைவள்ளி, மனைவிக்கு ஸ்ட்ராபெரி. ஸ்ட்ராபெரிப் பெட்டி அண்ணனின் ராகாவில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் பயணம் செய்து, தஞ்சோங் மாலிமுக்குள் ஜாம் ஆகிவிடும். பிற்பகல் மழை ரவாங்கில் பிடிக்கும். மழைச்சட்டை உள்ளவர் ஒருவர்தான். அவர் மட்டும் போகமாட்டார் என்பதால் ஆறு பேரும் பாலத்தடியில் நிற்பார்கள். பிறகு கிள்ளான்காரர் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்துக்குள் நுழைவார். 1970-களில் போட்ட, நாட்டின் முதல் தனி மோட்டார் தடம் அது. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று அவர் யோசித்து முடிக்கும்வரை வளைந்து வளைந்து போகும்.

சொல்லவேண்டிய தேவை எழுவதில்லை. காலை 8 மணிக்கே ஜோம் மச்சான் போட்ட காணொளியை அத்தை பார்த்து, அம்மாவுக்கு அனுப்பியிருப்பார்.

"எங்கடா போயிருந்த?"

"பசியாறம்மா."

"எங்க?"

பதிலுக்கு முட்டைக்கோஸ் மேசைக்கு வரும். அம்மா அதைப் புரட்டிப் பார்த்து, "இங்க பாசார்ல இத விட சல்லிசு" என்பார். திட்டு அத்துடன் முடிந்துவிடும். அன்றிரவு கோஸ் பொரியல்.

திங்கட்கிழமை இவர்களில் இரண்டு பேர் எம்.சி. எடுப்பார்கள். "சாமி, ஒடம்பெல்லாம் வலி, ஜுரம்" என்று பேட்டை கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில், தலைக்கவசம் மறைத்த இடம் வெளுத்தும் மறைக்காத இடம் கறுத்தும் இருப்பதை மருத்துவர் கவனிப்பார். ஒரு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, எந்த வழியாக ஏறினார்கள் என்று கேட்கும் மருத்துவர்களும் உண்டு.

கணக்கு தீர்வதே இல்லை. எண்ணெய், சாப்பாடு, டூட்டி, கிரிஸ் வண்டியின் பஞ்சர் எல்லாம் அண்ணன் கட்டியிருப்பார். "அப்பறமா டுயிட்நவ்ல போட்டுவிடுறேன்ணே" என்று ஜோம் மச்சான் சொல்வார். அண்ணன் கணக்கை எழுதி 'கேமரன் டிரிப் 2019' குழுவில் போடுவார். நான்கு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவர் ரோஜாப்பூ அனுப்புவார்.

இவ்வினத்தின் ஆயுள் பெரும்பாலும் திருமணத்தோடும், உறுதியாக முதல் குழந்தையோடும் முடிகிறது. மோட்டார் விற்கப்பட்டு, ஒன்பது வருடக் கடனில் மைவி கார் வருகிறது. அதன்பின் இவரும் கேமரன் போகிறார். மூன்று மாதம் முன்னமே அறை பதிந்து, பள்ளி விடுமுறையில், மாமியாரை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு. கியா ஃபார்ம் சந்தைக்கு முன்னால் வாகன நெரிசலில் கார் நகராமல் நிற்க, இடப்பக்கமாக ஐந்தாறு காப்சாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜாக்கெட் பின்பக்கம் முன்னாக. இவர் கண்ணாடியை இறக்குவார்.

"தம்பி, எந்த வழியா ஏறினீங்க?"

"சிம்பாங் பூலாய்ண்ணே."

"தாப்பாவுல வந்திருக்கணும்பா" என்பார். மாமியார் கண்ணாடியை ஏற்றச் சொல்வார், குளிர்கிறது என்று.